மூடித் தண்ணீர்

ஒரு மூடிதான் ஊற்றினேன். தண்ணீர் பாட்டிலின் நீல மூடி. நிறைய எடுத்தாலும் நாக்கு நனையாது. அதைத்தான் தினமும் காலையில் ஊற்றினேன், அதற்கே ஒரு செடியின் அடிப்பாகம் சுட்ட கத்தரிக்காய் மாதிரி கொழகொழத்துப் போகுமா என்று யாரையோ கேட்பதுபோல் மகளின் அறை ஜன்னலோரம் நிற்கிறேன். விரலில் பழுப்பாக ஈரம். முகர்ந்து பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம். நேற்றுவரை பச்சையாகத்தான் இருந்தது, அல்லது நான் மேலே மட்டும் பார்த்திருக்கிறேன். மேலே இப்போதும் பச்சைதான், உச்சியில் புதிதாக வந்த வெள்ளை முட்கள்கூட அப்படியே இருக்கின்றன, மண்ணைத் தொடும் இடத்தில்தான் எல்லாம் முடிந்துபோயிருக்கிறது. கொஞ்சம் சாய்ந்திருக்கிறதே என்று நிமிர்த்தப் போனேன், விரல் உள்ளே போய்விட்டது. மணி பத்து நாற்பது. என் மனைவி சுலோச்சனாவும் மகள் குழலியும் டாக்டரம்மாவிடம் போக ஆட்டோ ஏறிப் பத்து நிமிடம் ஆகிறது. போக இருபத்தைந்து நிமிடம், டோக்கன் ஐந்தோ ஆறோ, உள்ளே அரை மணி, மருந்துக் கடையில் பத்து நிமிடம், திரும்ப இருபத்தைந்து. பன்னிரண்டரைக்கு வாசலில் இருப்பார்கள். முப்பத்தொரு வருடம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக உட்கார்ந்து, எந்த வண்டி எப்போது வரும் எப்போது போகும் என்று எழுதியவன் நான். ஐந்து நிமிடம் தாமதமானால் டிரைவரைக் கூப்பிட்டுக் காரணம் கேட்பேன். என்னிடம் காரணம் கேட்க இன்னும் இரண்டு மணி நேரம்கூட இல்லை.

கட்டைவிரல் உயரம்கூட இல்லாத கள்ளிச்செடி. குழலி பெங்களூரில் வேலை பார்த்தபோது அவள் மேசையில் ஒரு காப்பிக் கோப்பையில் இதன் தாய்ச்செடி இருந்தது. மாசி மாதம் அவளை நாங்கள் போய் அழைத்துவந்தபோது துணிமணி, லேப்டாப், அந்தக் கோப்பை, இவ்வளவுதான் கொண்டுவந்தாள். நடந்ததற்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. ‘அன்னைக்கு’ என்போம். அன்னைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தப்போ, அன்னைக்கு நீங்க செருப்பில்லாம கிளம்பினப்போ. ‘அன்னைக்கு’ என்றால் எந்த நாள் என்று எங்களுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து மூன்று வாரம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தவள் ஒருநாள் எழுந்து அந்தத் தாய்ச்செடியின் பக்கத்தில் ஒட்டியிருந்த குட்டியைத் திருகி எடுத்தாள். காகிதத்தில் வைத்து எட்டு நாள் காயவிட்டாள். காலித் தயிர் டப்பாவின் அடியில் ஓட்டை போட்டு, மணல் நிரப்பி, அதில் நட்டாள். மே மாத வெயிலில் தாய்ச்செடியை நான் பால்கனியில் வைத்துச் சுட்டுவிட்டேன், அது வேறு கதை, இல்லை, அதே கதைதான். குட்டி பிழைத்தது. வேர் விட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவளாக எழுந்து அவளாகச் செய்த ஒரே காரியம் அது என்று சுலோச்சனா டாக்டரம்மாவிடம் சொன்னாள். டாக்டரம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை போகும்போதெல்லாம் முதல் கேள்வி மாத்திரையைப் பற்றி இல்லை. “செடி எப்படிம்மா இருக்கு?” குழலி சொல்வாள், “இருக்குங் மேடம்.” அந்தப் பதிலைக் கேட்டுத்தான் டாக்டரம்மா எழுத ஆரம்பிப்பார். இன்றைக்கும் கேட்பார். இருக்குங் மேடம் என்று அவள் அங்கே சொல்லிக்கொண்டிருக்கும்போது இங்கே என் விரல் அதற்குள் போயிருக்கிறது.

“பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா போதும்ப்பா” என்று சொல்லியிருந்தாள். தெளிவாகச் சொன்னாள். எனக்கும் அது தெரியாததல்ல, கள்ளிக்கு ஒருவர் தண்ணீர் ஊற்றி என் வாழ்நாளில் நான் கண்டதில்லை. ஆனால் டாக்டரம்மா எங்களிடம் சொன்னது வேறு. கேள்வி கேட்காதீர்கள், பின்னாலேயே நிற்காதீர்கள், சாதாரணமாக இருங்கள். இருபத்தேழு வயதுப் பெண் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருக்கும்போது அப்பன்காரன் சாதாரணமாக எப்படி உள்ளே போவது? ஒரு காரணம் வேண்டும். செய்தித்தாள் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பாள், முடிந்தது. ஃபேன் ஓடுகிறதா என்று எத்தனை நாள் பார்க்க முடியும்? செடி ஜன்னலில் இருந்தது. செடிக்குத் தண்ணீர் என்றால் கதவைத் தட்டலாம், உள்ளே நான்கு எட்டு வைக்கலாம், ஜன்னலை ஒட்டி நிற்கும்போது போர்வை மூச்சுக்கு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கலாம். அதைப் பார்க்கத்தான் போனேன். ஏறி இறங்கும். அப்புறம்தான் எனக்குக் காப்பி இறங்கும். முதலில் அரை டம்ளர் எடுத்துப்போனேன், இரண்டாம் நாளே அது அதிகம் என்று தோன்றி மூடிக்கு மாறினேன். மூடித் தண்ணீர் தண்ணீரே இல்லை, ஒரு சாக்கு, அவ்வளவுதான். ஒரு சாக்குக்கு வேர் அழுகாது. அழுகாது என்று நினைக்கும்போதுதான் டப்பாவுக்கு அடியில் இருக்கும் சாசரைப் பார்க்கிறேன். ஜன்னல் கட்டை கறையாகிறது என்று சுலோச்சனா வைத்த சாசர், அதில் அரை விரல்கடை தண்ணீர் நிற்கிறது. என் மூடியில் அவ்வளவு வராது. சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு அவள் அந்த அறைக்குள் டம்ளரோடு போவதும் காலி டம்ளரோடு வருவதும் இப்போதுதான் என் கண்ணுக்குள் ஓடுகிறது. குழலி குடித்தாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள்கூட நாங்கள் இதைப் பற்றிப் பேசிக்கொண்டதில்லை. ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒரே சாக்கு.

தடாகம் ரோட்டு நர்சரிக்காரரின் எண் ஒரு பழைய பில்லில் இருந்தது. அடித்தேன். பின்னால் ஏதோ லாரி பின்பக்கமாக வரும் சத்தம். “கள்ளிச்செடி அடி அழுகிருச்சுங்” என்றேன். “தினமும் தண்ணி ஊத்துனீங்களா?” என்றார் எடுத்தவுடனே. “கொஞ்சமாத்தானுங்.” “சார், கள்ளிச்செடி பட்டினியில செத்து நான் பாத்ததில்லீங். எல்லாம் பாசத்துலதான் சாவுது.” சிரித்தார். நானும் சிரித்தேன், எதற்கென்று தெரியவில்லை. “நல்ல கூர்மையான கத்தியா எடுங்க. அழுகினதுக்கு மேல வெட்டுங்க. வெட்டுன எடத்துல நடுவுல பழுப்பா ஒரு புள்ளி இருந்தாலும் விடாதீங்க, மறுபடி மெல்லிசா ஒரு வில்லை, மறுபடி ஒண்ணு, சுத்தமா பச்சை வர்ற வரைக்கும். புள்ளி இருந்துச்சுன்னா மேலேறிரும்.” “வெட்டீட்டு?” “வெட்டி நெழல்ல வெச்சுட்டு ஒண்ணும் பண்ணாதீங்.” “ஒண்ணுமேங்களா?” “ஒண்ணுமே. பத்து நாள் காயட்டும். அப்புறம் காஞ்ச மணல்ல வைங்க. அப்பவும் ஒரு மாசம் தண்ணி ஊத்தாதீங், வேர் விடோணும்.” “வேர் விட்டுருச்சுன்னு எப்படிங் தெரியும்?” “லேசா இழுத்தா மண்ணைப் புடிச்சுக்கும். அதுக்காகத் தினமும் இழுத்துப் பாக்காதீங் சார், உங்களை நெனச்சாப் பயமா இருக்குது.” வைத்துவிட்டார். பத்து நாளும் அதற்கு மேல் ஒரு மாதமும் ஒன்றும் செய்யாமல் இருப்பது. அதற்கும் ஆள் வேண்டும்தான். சும்மா இருக்கத் தெரிந்திருந்தால் செடி அழுகியிருக்காது. இன்னொன்று வாங்கி வைத்துவிட்டால் என்ன என்றும் கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. அதே உயரம், அதே டப்பா. போய்வர நாற்பது நிமிடம். அவளுக்குத் தெரியாமல் போகுமா? ஒரு நாளைக்கு இருபது மணி நேரம் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பவள். தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டால் அது இன்னும் மோசம்.

கூர்மையான கத்தி. அடுப்படிக்குப் போய் டிராயரைத் திறந்தபிறகுதான் நினைவு வந்தது, இந்த வீட்டில் கத்தி கிடையாது. அன்னைக்குப் பிறகு சுலோச்சனா வீட்டைச் சல்லடை போட்டாள். காய் நறுக்கும் கத்திகள் மூன்று, அரிவாள்மனை, தேங்காய் துருவி, தையல் மிஷின் டிராயரில் இருந்த கத்தரிக்கோல், நகவெட்டி, என் ஷேவிங் செட், எல்லாவற்றையும் பழைய பட்டுப்புடவைகளுக்கு அடியில் பீரோவில் வைத்துப் பூட்டினாள். சாவி அவள் தாலிக்கொடியில் ஊக்கில் கோத்துக் கிடக்கிறது. இப்போது டாக்டரம்மா வீட்டு பெஞ்சில் அவளோடு உட்கார்ந்திருக்கும். நான் இரண்டு நாளுக்கு ஒருமுறை சலூனில் சவரம் செய்துகொள்கிறேன். “மாமா, ரிட்டயர்டு ஆனப்புறம் மாப்பிள்ளை ஆயிட்டீங்க” என்பான் சலூன்காரன். காய்கறி தினமும் காலையில் பையில் கீழ்வீட்டுக்குப் போய் நறுக்கிய காயாக டப்பாவில் மேலே வருகிறது. கையால் கிள்ள முடிகிற கீரையும் பீன்ஸும் இங்கேயே. ஆப்பிள் வாங்குவதில்லை. குழலி ஒருநாளும் கத்தி எங்கே என்று கேட்டதில்லை. கேட்காததை நினைத்து ஒருநாள் நிம்மதியாக இருக்கும், மறுநாள் அதுவே பயமாக இருக்கும். ஸ்பூனின் பின்பக்கத்தால் வெட்டலாமா என்று பார்த்தேன். ஸ்டீல் ஸ்கேல் எடுத்தேன். ஸ்கேலால் வெட்டினால் நசுங்கும். பாத்திரக் கூடையில் கையை விட்டுத் துழாவிக்கொண்டு நிற்கும்போது தோன்றியது, ஒன்றைத் தேடிக் கிடைக்காமல் இந்த அடுப்படியில் அவளும் இப்படி நின்றிருப்பாளோ, என்றைக்காவது, நாங்கள் தூங்கும்போது. கையை எடுத்துக்கொண்டேன்.

கீழ்வீட்டு வசந்தாமணி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தாள், மாவுக் கையோடு வந்து கதவைத் திறந்தாள். “ஏனுங்ணா, அக்கா ஊருக்குப் போயிட்டாங்களா?” “இல்லம்மா, வெளிய. ஒரு கத்தி வேணும்.” “கத்திங்களா?” “செடி ஒண்ணு வெட்டோணும். நம்முளுது சாணை புடிக்கக் குடுத்திருக்குது.” அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “மூணு மாசமா புடிக்கறானுங்களா? தேஞ்சு ஊசியாயிருக்குமுங்ணா அது. சாணைக்காரன் கத்தியோட குடும்பம் நடத்தறானாட்ட இருக்குது.” உள்ளேயிருந்து அவள் புருஷன் சிரிக்கும் சத்தம் கேட்டது. “அக்கா என்னடான்னா கை வலி, அதனால நீ நறுக்கிக் குடுன்னாங்க. நீங்க சாணைங்கறீங்க. ரெண்டு பேரும் மொதல்ல பேசி வெச்சுக்கங்.” நானும் சிரித்து வைத்தேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள், மரப்பிடி போட்ட சின்னக் கத்தியைக் கொண்டுவந்து பிடிப் பக்கமாக நீட்டினாள். இப்போது அவள் முகத்தில் சிரிப்பில்லை. குரலைத் தாழ்த்தினாள். “வேலை முடிஞ்சதும் நீங்களே கொண்டாந்து குடுத்துருங்ணா. அங்க வெக்க வேண்டாம். நீங்களே.” அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாகத் தெரிந்துகொண்டே பூசணிக்காயும் முள்ளங்கியும் நறுக்கிக் கொடுத்திருக்கிறாள். நான் தலையாட்டினேன். மாடிப்படியில் கத்தியை வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு ஏறினேன். யாரிடமிருந்து மறைக்கிறேன்? வீட்டில் யாருமே இல்லை.

பதினொன்று முப்பத்தைந்து. பழைய செய்தித்தாளைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினேன். மணல் கட்டியாக விழுந்தது, வேர் என்று இருந்ததெல்லாம் ஈரத் தாளைப்போலக் கையோடு வந்தது. மூன்று மாதத்து வேர். செடியை மடித்த காகிதத்தால் பிடித்து, பழுப்பு முடிந்து பச்சை தொடங்கும் இடத்தில் கத்தியை வைத்தேன். வைத்தபடியே நின்றேன். மிகவும் சின்னது, அதுதான் பிரச்சினை. அதிகம் வெட்டினால் ஒன்றும் மிஞ்சாது, குறைவாக வெட்டினால் மேலேறிவிடும். பிப்ரவரிக்கு முன்னால் ஆறு மாதம் அவள் போனில் “நல்லா இருக்கேன்ப்பா” என்று சொன்னாள், நான் “சரி கண்ணு” என்று வைத்தேன். அப்போது எங்கே வெட்டியிருக்க வேண்டும்? எந்த வாரம்? தீபாவளிக்கு வந்தவள் சாப்பிடாமல் எழுந்தாளே அப்போதா, பொங்கலுக்கு லீவு இல்லை என்றாளே அப்போதா? பஸ்ஸாக இருந்தால் எங்கே தாமதமாயிற்று என்று ஒவ்வொரு ஸ்டாப்பாகப் பின்னால் போய்க் கண்டுபிடித்துவிடலாம். நான் போய்ப் பார்த்திருக்கிறேன், ஒவ்வொரு ஸ்டாப்பிலும் எல்லாம் சரியான நேரத்தில் இருந்தது. வெட்டினேன். கத்தி நல்ல கூர், சத்தமே இல்லாமல் இறங்கிற்று. வெட்டுவாயில் நீர் கோத்தது, நடுவில் பழுப்பு வளையம். இன்னொரு வில்லை. வளையம் சின்னதாயிற்று. கத்தியைத் துணியால் துடைத்து இன்னொன்று. மேசையில் மூன்று வில்லைகள், வெண்டைக்காய் வட்டம்போலக் கிடந்தன. கையில் இருப்பது ஒரு அங்குலம் இருக்குமா? இப்போது நடுவில் ஏதாவது இருக்கிறதா இல்லையா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறேன். இருப்பதுபோலவும் இருக்கிறது, நிழல்போலவும் இருக்கிறது. இதற்கு மேல் வெட்ட முடியாது. போதும் என்று சொல்லிக்கொண்டேன். போதும் என்று சொன்னது நானா பயமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. நேரம் தெரியாமல் நான் உட்கார்ந்தது என் ஆயுளில் இதுதான் முதல் தடவையாக இருக்கும், ஏனென்றால் கத்தியைக் கீழே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்று எழும்போது கதவில் சாவி திரும்புகிறது, கடிகாரத்தில் பன்னிரண்டு பத்து. டோக்கன் முன்னாலேயே வந்திருக்கிறது.

முதலில் குழலி, பின்னால் மருந்துப் பையோடு சுலோச்சனா. ஜூன் மாதப் புழுக்கத்திலும் குழலிக்கு முழங்கை தாண்டி மணிக்கட்டு வரை மூடிய சட்டை. சுலோச்சனாவின் கண் நேராகக் கத்திக்குப் போயிற்று. குழலி மேசையைப் பார்த்தாள், மணலை, டப்பாவை, வில்லைகளை. நான் எழுந்து நின்றேன், பள்ளிக்கூடத்தில் நிற்பதுபோல. “நான்தாஞ் சாமி. தினமும் ஊத்தீட்டேன். நீ வேண்டாம்னு சொல்லியும் ஊத்தீட்டேன்.” அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். “தெரியும்ப்பா. நீங்க காலைல, அம்மா சாயங்காலம்.” சுலோச்சனா, “நான் எங்கடி ஊத்துனேன், டம்ளர்ல மிச்சம் மீதி...” என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினாள். “போன வாரமே அழுக ஆரம்பிச்சிருச்சு” என்றாள் குழலி. “டாக்டர் கேட்டாங்க. செத்துட்டிருக்குன்னு சொன்னேன்.” “சொல்லீருக்கலாமே கண்ணு, எங்ககிட்ட. ஊத்தாதீங்கன்னு ஒரு வார்த்தை.” கேட்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவள் ஒரு வில்லையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அப்புறம் ரெண்டு பேரும் எதுக்கு உள்ள வருவீங்க?” என்றாள், எங்கள் முகத்தைப் பார்க்காமல். அதில் குறை இருந்ததா, கேலியா, வேறு ஏதாவதா என்று எனக்குப் பிடிபடவில்லை. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவள் மிச்சமிருந்த செடியை என் கையிலிருந்து வாங்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். “இன்னும் இருக்குப்பா. இங்க பாருங்க, நடுவுல. இதை விட்டா மேல போயிரும்.” எனக்குத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிந்தது. கையை நீட்டினாள். “கத்தியைக் குடுங்க.”

கத்தி என் கையில்தான் இருக்கிறது. மரப்பிடி வியர்வையில் வழுக்குகிறது. கொடுத்தால் என்ன, ஒரு அங்குலக் கள்ளிச்செடியை வெட்டப் போகிறாள், நாங்கள் இரண்டு பேரும் பக்கத்தில் நிற்கிறோம், பட்டப்பகல். சாதாரணமாக இருங்கள் என்றார் டாக்டரம்மா. சாதாரண வீட்டில் மகள் கத்தி கேட்டால் அப்பன் கொடுப்பான், பார்த்துக் கண்ணு என்பான், திரும்பிச் செய்தித்தாள் படிப்பான். மூன்று மாதத்தில் அவளாக ஒன்றைக் கேட்கிறாள், ஒன்றே ஒன்று. கொடு என்கிறது மனசு, ஏறத்தாழக் கத்துகிறது. சுலோச்சனா மருந்துப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு என்னையே பார்க்கிறாள், கொடுக்கச் சொல்கிறாளா வேண்டாம் என்கிறாளா என்று அந்த முகத்தில் ஒன்றுமே இல்லை, எல்லாவற்றையும் என்னிடம் விட்டுவிட்டாள். குழலியின் உள்ளங்கை மேசைக்கு மேல் திறந்து கிடக்கிறது. என் விரல்கள் திறக்கவில்லை. நான் சொல்லியும் திறக்கவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், ஒன்றரை நிமிடம். அப்புறம் அவள் கையை மெதுவாக மடக்கிக்கொண்டாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். “சரி, நீங்களே வெட்டுங்க” என்றாள். “நான் புடிச்சுக்கறேன்.” காகிதத்தை மடித்துச் செடியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தாள். சட்டைக்கை நழுவி மேலே போயிற்று. நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருக்க எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். அவள் விரல் நுனிக்கும் கத்திக்கும் நடுவில் அரை அங்குலம்கூட இல்லை. ஒரு வில்லை விழுந்தது. அவள் குனிந்து பார்த்தாள். “இன்னும்” என்றாள். கத்தியைத் துடைத்து மறுபடி வைத்தேன், இன்னொன்று விழுந்தது, அவள் விரலை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்த வேண்டியிருந்தது, பிடிக்க இடம் குறைந்துகொண்டே வந்தது. “இன்னும்ப்பா.”